போதும் என்று எங்கே சொல்வது?

போன தபசுகாலத்தில் எங்கள் பங்குக் கோவிலில் மூன்று நாள் தியானம் வைத்தார்கள். வெளியூர்ப் பிரசங்கியார். நல்ல குரல், நல்ல தமிழ், மைக் மட்டும் தேவைக்கு மேல். முதல் நாள் அவர் பேசியது போதுமென்ற மனத்தைப் பற்றி. இருப்பதில் திருப்தி அடையுங்கள், முணுமுணுக்காதீர்கள், அடுத்த வீட்டைப் பார்த்து ஏங்காதீர்கள் என்றார். மூன்றாம் நாள் அவரே ஆவிக்குரிய பசியைப் பற்றிப் பேசினார். பசியோடு கேளுங்கள் என்று சொல்லி ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். வேண்டியதை எழுதிப் பீடத்தின் முன் வைத்த பெட்டியில் போட வேண்டும். விசா, வீடு, மகளுக்கு வரன், மருமகளுக்குக் குழந்தை, கோர்ட் கேஸ். பெட்டி நிரம்பிவிட்டது. நானும் எழுதிப் போட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் சீட்டில் இருந்தது மூட்டு வலி.

ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. எதிர் வீட்டு ஐயங்கார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலு வயது பெரியவர்.

"என்ன சார், ரொம்ப நாழியாயிடுத்தே இன்னிக்கு?"

சீட்டு எழுதிப் போட்ட கதையைச் சொன்னேன்.

"ஓஹோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாளே, அது மாதிரியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தத் திங்கட்கிழமை மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டே என் உத்தியோக காலத்தில் பாதி போயிற்று. "நீங்கள் தினமும் காலையில் கோவிலுக்குப் போகிறீர்களே, பெருமாளிடம் ஒன்றும் கேட்கமாட்டீர்களா?" என்று திருப்பிக் கேட்டேன். "கேக்கறதுக்குப் போறவா இருக்கா சார். நான் சேவிக்கப் போறேன். நேத்து சேவிச்சேன், அதனால இன்னிக்கும் போகணும்னு இருக்கு" என்றார். அவர் இதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. கொசுவை விரட்டிக்கொண்டே சொன்னார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டு வலியும் ஒரு காரணம்.

பிரசங்கியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்ன இரண்டும் வேதத்தில் உள்ளவைதான். சிறையில் இருந்துகொண்டு புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதும்போது, நிறைவிலும் குறைவிலும் மனம் அமைந்திருக்கத் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் பசித்திருப்பவர்களைப் பாக்கியவான்கள் என்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் எதில் அமைதி, எதில் பசி என்பதல்லவா கேள்வி? சின்னப்பர் அமைந்தது சோற்றிலும் துணியிலும் இருப்பிடத்திலும். ஆண்டவர் சொன்ன பசி நீதியின் மேல், இறைவனின் மேல். நாம் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டோம். சாமான்களில் தீராப் பசி; சர்வேசுரனிடத்தில் வாரம் ஒரு மணி நேரத்தோடு 'போதும்'. நான் சண்டைக்கு நிற்பது இந்த இடமாற்றத்தோடுதான்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. 'போதும்' என்ற பிரசங்கம் எப்போதும் இல்லாதவனுக்குத்தான் செய்யப்படுகிறது. தேருக்கு உபயம் எழுதுகிறவரிடம் யாரும் போதுமென்ற மனத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. நான் புதுச்சேரியில் பிறந்தவன். அங்கே என் பாட்டி நன்மை வாங்குகிற நாளில் முந்தின நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். அப்போது சட்டமே அப்படி. 1953ல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார். 1957ல் சாப்பாட்டுக்கும் நன்மைக்கும் இடையே மூன்று மணி நேரம் இருந்தால் போதும் என்று வந்தது. 1964ல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1966க்குப் பிறகு கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். இந்தத் தளர்வுகளுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. நோயாளிகள், ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்கள், சாயங்காலப் பூசைக்கு வருகிறவர்கள் இவர்களையெல்லாம் நினைத்துச் செய்தது. நான் குறை சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்காரன் குறை சொல்லவும் முடியாது. ஆனால் என் பாட்டி 1964க்குப் பிறகும் நடுராத்திரிக் கணக்கைத்தான் வைத்திருந்தாள். "சாமி வர்ற வீட்டைக் காலியா வச்சிருக்க வேணாமா?" என்பாள். அவளுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. நமக்குச் சட்டம் குறையக் குறையப் பசியும் குறைந்தது. இன்று ஒரு மணி நேரக் கணக்கைக்கூட எத்தனை பேர் பார்க்கிறோம்? பூசைக்கு வரும் வழியில் டீக்கடையில் நின்றுவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் சொல்வதெழுதுதல் வைப்பார்கள். பிரெஞ்சில் பசிக்கு உள்ள சொல்லும் முடிவுக்கு உள்ள சொல்லும் எழுத்தில் வேறு, உச்சரிப்பில் ஒன்றேதான். இரண்டும் 'லா ஃபேன்'. ஆசிரியர் பசி என்று சொல்ல, நான் முடிவு என்று எழுதிவிட்டேன். முட்டியில் அடி விழுந்தது. அறுபது வருஷம் கழித்து யோசித்தால், என் பக்தி வாழ்க்கையிலும் நான் செய்த தப்பு அதுவே. பசி இருக்க வேண்டிய இடத்தில் முடிவு என்று எழுதி, ஆபீஸ் பாஷையில் சொன்னால் 'எல்.டிஸ்.' போட்டு மூடிவிட்டேன். ஞானஸ்நானம் ஆயிற்று, புதுநன்மை ஆயிற்று, உறுதிபூசுதல் ஆயிற்று, கலியாணம் ஆயிற்று. இனி ஒரே ஒரு அலுவல் பாக்கி, அதையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த பிரெஞ்சு எனக்கு உத்தியோகத்தில் உதவவில்லை. ஓய்வு பெற்றபின் ஒரே ஒரு காரியத்துக்கு உதவியது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களை அவர்கள் எழுதிய மொழியிலேயே படிக்க முடிந்தது.

திருச்சியிலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் ஏறினால் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி. அங்கே காவேரிக் கரையில் சாந்திவனம் என்று ஓர் ஆசிரமம் இருக்கிறது. அதைத் தாண்டி வருகிற தண்ணீர்தான் முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமுமாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு போகிறது. ஆசிரமத்தை 1950 மார்ச்சில் தொடங்கியவர்கள் ழூல் மோன்ஷனேன் சுவாமியாரும் ஆன்றி லெ சோ சுவாமியாரும். மோன்ஷனேன் 1895ல் பிறந்தவர், லியோன் மறைமாவட்டத்துக் குரு, பெரிய படிப்பாளி. பின்னாளில் கர்தினாலான ஆன்றி தெ லுபாக் அவருடைய நண்பர்; அவரைப் பற்றி 1967ல் தனிப் புத்தகமே எழுதினார். அப்படிப்பட்ட மனிதர் 1939ல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்து பத்து வருஷம் போலக் கிராமப் பங்குகளில் உழைத்தார். லெ சோ பிரித்தானி கடலோரத்துக்காரர், 1910ல் பிறந்தவர், ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. இந்தியாவுக்கு வர வேண்டும் என்று வருஷக்கணக்காக மேலிடத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தவர். கடைசியில் 1947ல் திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சாவுக்கு எழுதினார். கடிதம் பிரெஞ்சில் இருந்ததால் ஆயர் அதை மோன்ஷனேனிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார். ஒரு தபால் சரியான மேஜைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் இதை உதாரணம் காட்டலாம். 1948ல் லெ சோ வந்து சேர்ந்தார்.

இருவரும் காவி கட்டினார்கள். குடிசையில் இருந்தார்கள். மரக்கறிச் சாப்பாடு. மோன்ஷனேன் பரம அரூபி ஆனந்தம் என்று பெயர் வைத்துக்கொண்டார். அரூபி என்ற சொல் நம் பழைய ஞானோபதேசம் படித்தவர்களுக்குத் தெரியும். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். நம்மூர்க்காரர்கள் அவரை 'லெ ஸாக்ஸ்' என்பதைக் கேட்டால் எனக்குக் காது கூசும், போகட்டும்.

இவர்களைப் பற்றி இரண்டு பக்கத்திலும் வசவு உண்டு. நம்மவர்களில் சிலர், இவர்கள் இந்துவாகிவிட்டார்கள் என்பார்கள். மறுபக்கத்தில் 1988ல் டெல்லியிலிருந்து சீதாராம் கோயல் கத்தோலிக்க ஆசிரமங்களைத் தாக்கிப் புத்தகமே போட்டார். சந்நியாசி வேஷம் போட்டு ஆள் பிடிக்கிற வேலை என்று. ஆள் பிடிக்க வந்தவர்கள் என்றால் இவர்களைப் போல வேலை தெரியாதவர்கள் யாரும் இல்லை. 1957 அக்டோபரில் மோன்ஷனேன் பாரீசில் காலமாகும்வரை, நிலையாகத் தங்கிய ஒரு சீடர்கூட அங்கே சேரவில்லை. கணக்குப் பார்த்தால் முழுத் தோல்வி. நம் பங்கு ஆண்டறிக்கைப் படிவத்தில் அவரை நிரப்பினால் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றுதான் வரும்.

ஆனால் அந்த மனிதரைப் பற்றிப் படிக்கிறபோது தோல்வி அடைந்தவர் மாதிரி இல்லை. லியோனில் அறிஞர்கள் நடுவே இருந்தவர் ஓலைக் குடிசையில் யாருக்கும் தெரியாமல் இருந்தார். அதில் அவருக்குக் குறை இல்லை. அங்கே அவர் 'போதும்' என்று சொல்லிவிட்டார். திரித்துவத்தைத் தியானிப்பதில் மட்டும் அவர் கடைசிவரை போதும் என்று சொல்லவில்லை. வெளியே நிறைவு, உள்ளே பசி. நாம் இடம் மாற்றி வைத்ததை அவர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தார்.

லெ சோ வேறு மாதிரி. அவர் பசி அவரை உட்காரவிடவில்லை. 1949 ஜனவரியில் மோன்ஷனேனோடு திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைத் தரிசித்தார். பிறகு அந்த மலையின் குகைகளில் போய்த் தனிமையில் இருந்தார். திருக்கோவிலூரில் ஞானானந்தரிடம் போனார். இந்த அத்வைத வேகம் மோன்ஷனேனுக்கு ஒப்பவில்லை. இருவருக்கும் நடுவே இறுக்கம் ஏற்பட்டது. மோன்ஷனேன் இறந்தபின் லெ சோவின் கால் வடக்கே இழுத்தது. 1968ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் சுவாமியாரிடம் விட்டுவிட்டு உத்தரகாசிப் பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டார். 1973 டிசம்பரில் இந்தோரில் காலமானார். அவர் நாட்குறிப்பு 1986ல் பிரெஞ்சில் வந்தது. அதைப் படிப்பது சுகமான காரியம் அல்ல. இரண்டு அன்புக்கு நடுவே கிழிபட்ட மனிதன் அதில் இருக்கிறான். ஆனாலும் பூசையை அவர் விடவில்லை. 1964ல் ரைமோன் பணிக்கரோடு கங்கோத்திரிக்குப் போனபோதும் அங்கே பூசை வைத்தார்.

எனக்கு மோன்ஷனேனைத்தான் பிடிக்கும். லெ சோவின் முடிவுகள் சிலவற்றை என் சிறு புத்தி ஏற்கவில்லை. ஆனால் இருவரில் யாரையும் விட எனக்குப் பிடிக்காத ஓர் ஆள் உண்டு. 'இதெல்லாம் நமக்கு எதற்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை போதும்' என்று சொல்கிறவர். அந்த ஆளை எனக்கு நெருக்கமாகத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் பங்குப் பேரவையில் செயலாளர். பாலிடெக்னிக் முடித்த ஒரு பையன் வந்தான். "அங்கிள், சாயங்காலம் ஒரு மணி நேரம் கோவிலைச் சும்மா திறந்து வைக்க முடியுமா? செபம், பாட்டு ஒண்ணும் வேணாம். பேசாம உக்காரணும்" என்றான். உண்டியல் திருட்டுக்குப் பயந்து பூசை முடிந்ததும் பூட்டிவிடுவது அப்போதும் வழக்கம், இப்போதும் வழக்கம். பேரவையில் வைக்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. "தம்பி, இளைஞர் மன்றத்தில் சேர். பாட்டுக் குழுவில் சேர். வாராவாரம் தவறாமல் பூசைக்கு வா. அது போதும். மற்றதெல்லாம் மனசைக் குழப்பும்" என்றேன். எவ்வளவு கச்சிதமான பதில்! மேலதிகாரி ஒருவர் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

அவன் இப்போது கோவிலுக்கு வருவதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போகிறான் என்று அவன் தாயார் சொன்னார். அங்கே என்னப்பா இருக்கு என்று கேட்டாராம். "அங்கே யாரும் என்னை எதிலயும் சேரச் சொல்லலைம்மா" என்றானாம். அந்த அம்மாள் ஒவ்வொரு தியானத்திலும் பெட்டியில் ஒரே சீட்டைப் போடுகிறார். மகன் திரும்பி வர வேண்டும் என்று. போன தபசுகாலத்திலும் போட்டார். என் மூட்டு வலிச் சீட்டுக்குப் பக்கத்தில் அது கிடந்திருக்கும்.

திருவண்ணாமலையில் உட்கார்வது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் அங்கே நிம்மதியாக இருந்தால் சந்தோஷம். அவன் முதலில் கேட்டது நம்மிடம். பசியோடு வந்தவனுக்கு நான் பந்தி பரிமாறும் வேலை கொடுத்து அனுப்பினேன்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஓர் ஆட்சேபம் சொன்னார். பசி பசி என்று கிளப்பிவிட்டால் ஜனங்கள் சபை சபையாக அலைவார்கள். இந்த வாரம் ஒரு கூட்டம், அடுத்த வாரம் ஒரு அபிஷேக ஆராதனை. நிறைவே வராது என்று. அலைகிறவர்கள் இருக்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் அது பசி அல்ல. தமிழில் அதற்குப் பெயர் வாய்ருசி. கல்யாண வீட்டில் சாப்பிட்டவனுக்கு இனிப்பு திகட்டுகிறது, உடனே காரம் தேடுகிறான். அவனைப் பசித்தவன் என்போமா? திகட்டலை நாம் நிறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். திகட்டல் வந்தால் இலையைத் தள்ளத் தோன்றும். நிறைவு வந்தவன் மறுநாளும் அதே இலைக்கு வருவான். என் எதிர் வீட்டுக்காரர் நேற்று சேவித்ததனால் இன்றும் போவது போல.

இது கிறிஸ்தவத்துக்கு வெளியே இருந்து கடன் வாங்கியது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்காம் நூற்றாண்டிலேயே நீசா நகர் ஆயர் கிரகோரியார், மோயீசனின் வாழ்க்கையை வைத்து இதைத்தான் எழுதினார்: இறைவனைக் காண்பது என்பதே, காணும் ஆசை ஒருபோதும் தணியாமல் இருப்பதுதான் என்று. வைணவர்கள் கும்பகோணத்துச் சாரங்கபாணிப் பெருமாளை ஆராவமுதன் என்கிறார்கள். பருகப் பருகத் திகட்டாத அமுதம். அந்தப் பெருமாளைப் பாடிய பத்துப் பாட்டை யாத்திரைக்காரர்கள் பாடக் கேட்டாராம் நாதமுனிகள். ஆயிரத்தில் இந்தப் பத்து என்று முடிவில் இருந்ததைக் கவனித்தார். பத்து கிடைத்ததே போதும் என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. மீதி எங்கே என்று குருகூர்வரை தேடிப் போய், நாலாயிரத்தையும் பெற்று வந்தார் என்பது அவர்கள் வரலாறு. இன்றும் மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் அரையர் சேவை நடப்பது அந்தப் பசியினால். (அங்கேயும் எல்லோரும் நாதமுனிகள் இல்லை. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலில் நசுங்குகிற கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு நாளோடு முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம் என்று ஐயங்காரே சொல்வார்.)

தங்களுக்கு எல்லாம் இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்ட ஒரு சபையைப் பற்றிக் காட்சியாகமத்தில் வருகிறது. லவோதிக்கேயா. இன்றைய துருக்கியில் இருந்த பணக்கார நகரம். கி.பி. 60ல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமின் உதவி வாங்காமல் சொந்தப் பணத்திலேயே மறுபடி எழும்பியது என்று ரோம வரலாற்றாசிரியர் தசித்துஸ் எழுதியிருக்கிறார். ஏழு சபைகளில் ஆண்டவர் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாத சபை அது. அந்தச் சபைக்குச் சொன்ன இடத்தில்தான் அவர் கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறார்.

கதவு என்றதும் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை கோவிலைத் திறந்து வைக்க வேண்டும். மைக் வேண்டாம், கீபோர்டு வேண்டாம், சீட்டு வேண்டாம், யாரும் எதையும் நடத்த வேண்டாம். திருட்டுப் பயம் என்றால் உண்டியலை அந்த ஒரு மணி நேரம் உள்ளே எடுத்து வைத்துவிடலாம். காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் நானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறேன். என்னால் இனி முழங்கால் போட முடியாது, உட்கார முடியும். அந்த அம்மாளிடமும் சொல்லியிருக்கிறேன். திறந்தால் மகனுக்குப் போன் செய்து சொல்வதாகச் சொன்னார். வருவானா என்று இருவருக்கும் தெரியாது.

விண்ணப்பம் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. ஆபீஸ் வழக்கப்படி போன திங்கட்கிழமை நினைவூட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன்.